நீலகிரி ஏற்றத்துக்கு டர்போ பிக்கப்பைத் தயார் செய்வது எப்படி?

மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டையும் உரமும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பிக்கப், கல்லாறு வரை எந்தக் குறையும் சொல்லாமல் ஓடிவிட்டு, பர்லியாருக்கு மேலே போகப் போக மூச்சு வாங்குவதை இந்தப் பாதையில் ஸ்டியரிங் பிடித்த எவரும் அறிவர். உடனே ஓட்டுநர் சொல்வது ஒன்றுதான்: வண்டியில் இழுவை இல்லை. அதற்கு அடுத்த வாரமே யாராவது ஒருவர், இ.சி.யூ.வில் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பை (பூஸ்ட், டீசல் அளவுகளை முடிவு செய்யும் அட்டவணைகள்) மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலோசனை கூறியிருப்பார். அந்த ஆலோசனை தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையில் அது செய்ய வேண்டிய வேலைகளில் கடைசியானது. தொலைந்துபோன காற்றைக் கண்டுபிடிப்பது, வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது, கிளட்சையும் பிரேக்கையும் தயார் செய்வது ஆகிய மூன்றும் முடிந்த பிறகே மேப்பில் கைவைக்க வேண்டும்.

மலை என்ன செய்கிறது என்பதை முதலில் எண்களில் பார்த்துவிடலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் அளவுக்கு இருக்கும் காற்றழுத்தம் உதகையில் சுமார் 77 ஆகக் குறைந்துவிடுகிறது. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய டீசல் என்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இங்கே இழந்துவிடும். டர்போ உள்ள என்ஜின் அந்த இழப்பை ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கடல் மட்டத்தில் 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) கொடுக்க, டர்போ காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால் போதும். உதகையில் அதே மொத்த அழுத்தத்தை எட்ட 2.6 மடங்கு அழுத்தியாக வேண்டும். டர்போவின் தண்டு அதற்கேற்ப வேகமாகச் சுழல வேண்டும். அழுத்தப்படும் காற்றும் கூடுதலாகச் சூடேறும். வெளிக்காற்று 15 டிகிரி செல்சியஸ் என்றும், டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றும் வைத்துக் கணக்கிட்டால், முதல் நிலையில் ஏறக்குறைய 105 டிகிரியில் வெளியேறும் காற்று, இரண்டாம் நிலையில் 145 டிகிரியை நெருங்குகிறது. ஊட்டிக் குளிரில் வண்டி எப்படிச் சூடாகும் என்று கேட்பவர்களுக்கு இந்த 40 டிகிரிதான் பதில். இந்தக் காரணத்தால்தான் தயாரிப்பாளர்கள் இ.சி.யூ.வுக்குள் காற்றழுத்த உணரியை வைத்து, உயரம் கூடக் கூட பூஸ்ட்டையும் டீசலையும் தாமாகவே குறைக்கும்படி எழுதியிருக்கிறார்கள்.

தொலைந்த காற்றைத் தேடுதல்

இழுவை குறைந்துவிட்டது என்று வரும் வண்டிகள் பலவற்றில், டர்போவுக்கும், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் காற்று கசிவதே காரணமாக இருக்கும். இந்தக் கசிவு சமவெளியில் தெரியாது. வேரியபிள் வகை டர்போவாக இருந்தால், குறையும் அழுத்தத்தை ஈடுகட்ட இ.சி.யூ. அதன் இறகுகளை மேலும் மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றிச் சமாளித்துவிடும். மலையில் அந்த உபரி இடமே இல்லாததால் குட்டு வெளிப்படுகிறது. ஸ்கேனரில் பி0299 என்ற குறி வந்தால், கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்று பொருள். அது வராமலும் கசிவு இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிவந்த என் வண்டி காட்டேரிக்கு அருகே ஒரு சிறு ஏற்றத்தில் கரும்புகையாகக் கக்கியது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தபோது எல்லா ஹோஸ்களும் ஒழுங்காகவே தெரிந்தன. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தடவியபோதுதான், கிளாம்ப்பை ஒட்டி ஈரமான எண்ணெய்ப் பிசுக்கும், அதில் ஒட்டிய செம்மண் பொடியும் கையில் வந்தன. பிளவு நகக்கண் அளவுதான் இருந்தது. அதுவும் ஹோஸை வளைத்தால் மட்டுமே வாய் திறந்தது. நின்றிருக்கும் வண்டியில் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். என்ஜின் அணைந்து, நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, டர்போவின் உறிஞ்சு வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்றில் டயர் வால்வைப் பொருத்தி, அந்த மூடியை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் மூச்சுக் குழாயைத் தனியாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் சீல்களுக்கு அழுத்தம் ஏறும். பிறகு டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் மெதுவாக அழுத்தம் கொடுத்து, 1 பாரைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடி தெறித்து வரக்கூடும் என்பதால் அதற்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஹோஸைக் கையால் அசைத்துப் பார்த்தால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். திறந்திருக்கும் வால்வுகள் வழியாகச் சைலன்சர் பக்கம் லேசாகச் சீறும் சத்தம் கேட்பது இயல்பானது. அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். கிழிந்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது மண்டி வரை போய்ச் சேர மட்டுமே உதவும்.

கசிவு இல்லையென்றால் அடுத்தது உணரிகள். காற்றின் அளவை அளக்கும் எம்.ஏ.எஃப். உணரியை அதற்கென விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவ வேண்டும். அதன் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடக் கூடாது. எண்ணெய் தடவிய வகை ஏர் ஃபில்டரைப் போட்டிருந்தால், அந்த எண்ணெயே உணரியில் படிந்து கணக்கைக் கெடுத்திருக்க வாய்ப்புண்டு. மலையில் எனக்கு நம்பிக்கை, கம்பெனி கொடுத்த காகித ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவதில்தான். புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியாக வரும் கரி இன்டேக் மேனிஃபோல்டில் தார்போல் படிந்து வாயையே சுருக்கிவிடும் என்பதால், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டியில் அதைக் கழற்றிப் பார்ப்பது வீண் செலவாகாது. டர்போவின் தண்டைக் கையால் பிடித்துப் பார்க்கும்போது, பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பதில் தவறில்லை. முன்னும் பின்னும் இழுக்க முடிந்தாலோ, இறகு உறையில் உரசிய தடம் தெரிந்தாலோ, அந்த டர்போவை வைத்துக்கொண்டு மேப்பைப் பற்றிப் பேசவே கூடாது.

இந்த வேலைகளை முடித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், வேறெதுவும் தேவைப்படாமல் போய்விடும் என்பது என் அனுபவம்.

வெப்பம்

ரேடியேட்டர் மூடியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உதகையின் காற்றழுத்தத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாவதும் இதனால்தான். 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால், அதே உயரத்தில் கூலண்ட் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் வெப்பநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே வெறும் சில டிகிரிகளே மிஞ்சும். வண்டிக்கான அசல் மூடியைப் புதிதாக வாங்கிப் போடுவதைவிட மலிவான மேம்பாடு இந்தக் கட்டுரையில் வேறெதுவும் இல்லை.

இன்டர்கூலரின் தகடுகளுக்கு இடையே சேறும் புல் விதையும் பூச்சிகளும் அடைந்திருக்கும். எஸ்டேட் பாதைகளில் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டிகளில் இது இன்னும் அதிகம். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனால் தகடுகள் மடங்கிவிடும். பெரிய இன்டர்கூலர் போடலாமா என்று கேட்பவர்கள் பலர். இரண்டாவது கியரில் வளைவு திரும்பி, ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் இழுவை வர வேண்டிய சாலை இது. இன்டர்கூலரும் குழாய்களும் அளவுக்கு மீறிப் பெரிதானால் அவற்றை நிரப்பவே டர்போவுக்கு நேரம் பிடிக்கும். வளைவில் வண்டி ஒரு கணம் தயங்கும். கம்பெனி அளவைவிடச் சற்றே தடிமனானது, அதே இடத்தில் பொருந்தக்கூடியது என்றால் போடலாம்.

மேப் மாற்றும் எண்ணம் உறுதியாக இருந்தால், அதற்கு முன்பே புகைவாயு வெப்பமானி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். அதன் முனை டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். துளையிடும்போது விழும் இரும்புத்தூள் டர்போவின் இறகுகளைத் தின்றுவிடும் என்பதால் மேனிஃபோல்டைக் கழற்றி வைத்துத்தான் துளையிட வேண்டும். நீண்ட ஏற்றத்தில் தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாமல் ஓட்டுவது நான் கடைப்பிடிக்கும் எல்லை. முள் ஏறினால் ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் போதும், இறங்கிவிடும்.

மேப் மாற்றுதல்

கடைகளில் பெட்டியாக விற்கும் டியூனிங் பாக்ஸ், பெரும்பாலும் காமன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசல் தரும் பொதுக் குழாய்) அழுத்த உணரியின் இணைப்பில் புகுந்து, அழுத்தம் குறைவாக இருப்பதாக இ.சி.யூ.விடம் பொய் சொல்லும். அதை நம்பி இ.சி.யூ. ரெயில் அழுத்தத்தை ஏற்றும். கூடுதல் டீசல் உள்ளே போகும். ஆனால் அதற்கேற்ற காற்று இருக்கிறதா, எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மலை வண்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இ.சி.யூ.வுக்குள் இருக்கும் கோப்பையே படித்து, திருத்தி எழுதுவதுதான் முறையான வழி.

அதிலும் கவனம் தேவை. என் முந்தைய வண்டிக்குச் சமவெளியிலுள்ள ஒரு பட்டறையில் மேப் மாற்றினேன். நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்டியபோது பிரமாதமாக இருந்தது. குன்னூருக்கு மேலே வந்தால் மட்டும் டர்போவிலிருந்து மெல்லிய விசில் சத்தம் எழும். அதையும் பலம் கூடியதன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் தண்டு முறிந்து, என்ஜின் எண்ணெய் முழுவதும் இன்டர்கூலருக்குள் இறங்கி, நீலப் புகை சாலையை மறைத்தது. பிறகு கோப்பைப் பிரித்துப் பார்த்தவர் சொன்னது இதுதான்: உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணை நிரப்பியிருக்கிறார்கள். சமவெளியில் அதனால் ஒரு தீங்கும் இல்லை; 2,000 மீட்டருக்கு மேலே டர்போ தன் வேக எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்படி எண்ணெய் உள்ளே போகும் நிலையில், சாவியை அணைத்த பிறகும் டீசல் என்ஜின் அந்த எண்ணெயையே எரித்து ஓடக்கூடும். மேனுவல் கியர் வண்டியானால், பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு மூச்சடைக்கச் செய்வதே அப்போது வழி.

எனவே மேப் எழுதுபவரிடம் முன்கூட்டியே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். அசல் கோப்பின் நகலை உங்களிடம் தருவாரா? காற்றழுத்தத்தைச் சார்ந்த பூஸ்ட் அட்டவணையையும், புகையைக் கட்டுப்படுத்தும் அட்டவணையையும் அப்படியே விட்டுவைப்பாரா? மலையில் எடுத்த பதிவைப் பார்த்துத் திருத்தித் தருவாரா? முதல் கேள்விக்கே இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஹார்டுவேர் எதையும் மாற்றாத மேப்பில், டார்க் (சுழற்று விசை) 15 முதல் 20 சதவீதம் வரை கூடுவது நியாயமான எதிர்பார்ப்பு. உச்ச குதிரைத்திறனைப் பற்றிக் கவலைப்படாமல், 1,600 முதல் 2,200 ஆர்.பி.எம். வரை இழுவை சீராக வர வேண்டும் என்று கேளுங்கள். வளைவுகளில் என்ஜின் ஓடுவது அந்த வட்டாரத்தில்தான்.

ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. காமன் ரெயிலில் டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கு மேலும் போகும். ஊசிமுனை அளவுப் பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். அந்தக் காயம் வெளியே சிறியதாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படுவது.

கிளட்ச், டயர், பிரேக்

டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர் டீசல் என்ஜின் ஆட்டோமேட்டிக் வண்டியில் 500 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது; அதே என்ஜின் மேனுவல் வண்டியில் 420 மட்டுமே தருகிறது. கிளட்சுக்கும் கியர் பெட்டிக்கும் எல்லை உண்டு என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டது போன்றது இது. மேப்புக்குப் பிறகு உயர்ந்த கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். டயரைப் பொறுத்தவரை, சுற்றளவு 6 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். காசு கொடுத்து மேப்பில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கை, அழகுக்காகப் போட்ட பெரிய டயர் விழுங்கிவிடும்.

பிரேக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லோடுடன் 2,800 கிலோ எடையுள்ள பிக்கப் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது 1,525 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 11.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமாகிறது. டயர் உராய்வும் காற்றும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது போக, மீதியை என்ஜினும் பிரேக்கும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டிய குதிரைத்திறன் இறக்கத்தில் ஒரு சல்லிக்கும் உதவாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். ஆண்டில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய விதி, மேப் மாற்றிய வண்டிக்கு ஒரு திருத்தத்துடன் பொருந்தும்: மேப்புக்கு முன் ஏறிய கியரில் இறங்குங்கள். இப்போது மூன்றாவதில் ஏறுகிறது என்பதற்காக மூன்றாவதில் இறங்கக் கூடாது.

ஹைபிரிட் பிக்கப் என்றால்

ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட், டொயோட்டா டன்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் போன்றவை வட அமெரிக்கச் சாலைகளுக்கானவை. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் கேட்பதால் இவற்றையும் படித்து வைத்திருக்கிறேன். ஃபோர்டின் பேட்டரி 1.5 யூனிட் கொள்ளளவும், டன்ட்ராவின் பேட்டரி 1.87 யூனிட் கொள்ளளவும் கொண்டவை. மேலே சொன்ன 11.6 யூனிட்டை நினைவில் வைத்துப் பாருங்கள்: நம் மலைப்பாதை போன்ற இறக்கத்தில் சில வளைவுகளுக்குள்ளாகவே பேட்டரி நிரம்பிவிடும், அதன் பிறகு மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அந்த இடத்தில் ஓட்டுநர் கியரைக் குறைத்திருக்காவிட்டால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். பி.ஒய்.டி. ஷார்க் போல ஏறக்குறைய 29.6 யூனிட் பேட்டரி கொண்ட பிளக்-இன் வண்டியானால் இறக்கம் முழுவதையும் அதில் சேமிக்கலாம். ஆனால் மலை உச்சியில் முழுதாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அந்த வசதி போய்விடும். ஹைலக்ஸின் 48 வோல்ட் மாடலில் மோட்டார் தருவது 12 கிலோவாட்டும் 65 நியூட்டன் மீட்டரும்தான். அது ஒரு கைத்தாங்கல், அவ்வளவே.

ஹைபிரிட் வண்டியில் எவ்வளவு டார்க் வேண்டும் என்பதை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்து, என்ஜினுக்கும் மோட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. என்ஜின் மேப்பை மட்டும் மாற்றினால், கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று அந்தக் கணக்கு பிசகி, கியர் மாறும்போது வண்டி உதறும் அல்லது பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். இவற்றில் நாம் செய்யத்தக்கது, பேட்டரிக்குக் காற்று போகும் வழியைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும், இன்வெர்ட்டர் கூலண்ட்டின் அளவைப் பார்ப்பதும்தான். டன்ட்ராவில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், அங்கே மூட்டையைத் திணிப்பவர்கள் காற்று வழியை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது.

சட்டமும் சோதனை ஓட்டமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிலையிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப்., ஈ.ஜி.ஆர். ஆகியவற்றைப் பிடுங்கிவிட்டு மேப்பில் அவற்றை அணைக்கும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்; பி.எஸ். 6 வண்டியில் அது மாசுக் கட்டுப்பாட்டு விதிகளையும் மீறுவதாகும். பலத்தைக் கூட்டியதால் லோடைக் கூட்டலாம் என்பதும் இல்லை; அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ஏறும். மேப் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும், வேலைக்கு முன் ஓட்டிய அதே பாதையில், அதே லோடுடன் ஓட்டிப் பாருங்கள். கல்லாற்றிலிருந்து பர்லியார் வரை ஒரு பதிவும், குன்னூரிலிருந்து உதகை வரை ஒரு பதிவும் போதும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். திரையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து இருக்கையில் ஒருவர் கட்டாயம் வேண்டும். கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், ரெயில் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், கூலண்ட் வெப்பம், வெளிக்காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். உயரம் கூடக் கூட கேட்ட பூஸ்ட் குறைந்துகொண்டே வந்தால் மேப் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோடு குன்னூரைத் தாண்டியும் கிடைமட்டமாகவே போனால், வண்டியைத் திருப்பி அசல் கோப்பையே ஏற்றிவிடுங்கள். ஏறி முடித்தவுடன் சாவியைத் திருகாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். சூடான டர்போவில் நின்றுபோன எண்ணெய் கரியாகிவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹோஸ் கிளாம்ப்களை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். மதியம் மேட்டுப்பாளைய வெயிலும் இரவு உதகைக் குளிரும் பார்த்துவரும் ரப்பர், முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும்.